இல்லை என்பதற்கு ஒரு சாட்சி

ஒவ்வொரு நவம்பரிலும் என் தாத்தா தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஓய்வூதியக்காரர்கள் பலருக்கும் உள்ளதுதான். முன்பெல்லாம் வங்கிக்குப் போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவார். இப்போது விரலை ஒரு கண்ணாடியின் மேல் வைத்தால் போதும், தெருமுனையிலேயே வேலை முடிந்துவிடும் என்றார்கள். 2024 நவம்பரில் சேலையூரில் ஜெராக்ஸும் ரீசார்ஜும் சேர்ந்த ஒரு சின்னக் கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கருவி அவர் கட்டைவிரலை ஏற்கவில்லை.

"ரேகை விழமாட்டேங்குது தாத்தா. தொடச்சிட்டு இன்னொருதரம் வைங்க" என்றான் கடைப்பையன். வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைத்தார். பத்துத் தடவையாவது இருக்கும். தாத்தா தாம்பரம் கார்ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் மின்சார வண்டிகளின் போல்ட்டுகளைத் திருகித் திருகி அவர் விரல்கள் எப்போதோ வழுவழுப்பாகிவிட்டன. திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: பொருந்தவில்லை.

"நான்தாம்பா நிக்கிறேன்" என்றார் தாத்தா.

"நீங்கதான்னு எனக்குத் தெரியுது தாத்தா. அதுக்குத் தெரியலயே."

பையன் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான். வீட்டுக்குத் திரும்பும்போது தாத்தா எதுவும் பேசவில்லை. எனக்கு மட்டும் அந்த வாக்கியம் காதிலேயே நின்றது. காரணம், வீட்டில் என் பழைய மடிக்கணினி அந்த நேரத்திலும் வேறொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஓர் அடையாளச் சோதனைதான். நீ பகா எண்ணா, இல்லையா?

*

பகா எண் என்றால் தெரியும். 1-ஆலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண். 2, 3, 5, 7, 11 என்று போகிறது. இவற்றுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். ஆகவே "ஆகப்பெரிய பகா எண்" என்று ஒன்று கிடையாது. நமக்குத் தெரிந்தவற்றில் பெரியது என்றுதான் சொல்லலாம்.

கிம்ப்ஸ் என்று ஒரு கூட்டுமுயற்சி உண்டு. 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கியது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி, கடைசியில் 1-ஐக் கழித்தால் வரும் எண்களில் பகா எண்களைத் தேடுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் ஃபிரெஞ்சுத் துறவி மெரான் மெர்சென் பெயரால் இவை மெர்சென் எண்கள். 2024 அக்டோபரில் இப்படி ஒன்று கிடைத்தது. 2-இன் 13,62,79,841-ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தது. கண்டுபிடித்தவர் லூக் டூரன்ட் என்ற அமெரிக்கர். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். வினாடிக்கு ஓர் இலக்கமாக, சாப்பிடாமல் தூங்காமல் வாசித்தால் முடிக்க 474 நாளுக்கு மேல் ஆகும்.

அதன் கடைசி இலக்கத்தை மட்டும் நாமே சொல்லிவிடலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து மறுபடி 2-க்கு வரும். 13,62,79,841-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே அந்த அடுக்கு 2-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் 1. நாலு கோடி இலக்கங்களில் ஒன்றை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே பிடித்துவிட்டோம். மற்றவை அப்படிச் சிக்குவதில்லை.

இந்த எண்ணால் என்ன பயன்? இன்றைக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை. கரண்டு பில் வரும்போது அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்பாள். எனக்கு இந்த எண்ணைவிட அதைச் சோதிக்கும் முறைதான் முக்கியம். அந்த முறைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது என்பது அந்தக் கடையிலிருந்து வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

*

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நூறு இலக்க எண்ணுக்கே அது பிரபஞ்சத்தின் வயதுக்குள் முடியாது. ஆகவே வேறு வழி. 1640-ல் ஃபெர்மா ஒரு பண்பைச் சொன்னார். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய ஓர் எண்ணை, பகா எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1.

உதாரணமாக 7. 2-இன் ஆறாம் அடுக்கு 64. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. சரி. இப்போது 9. 2-இன் எட்டாம் அடுக்கு 256. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 4. ஆகவே 9 பகா எண் இல்லை. இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். 9-ஐ 3 வகுக்கும் என்று நாம் கண்டுபிடிக்கவே இல்லை. எது வகுக்கும் என்று தெரியாமலேயே வகுபடும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டோம். இங்கே 2 சொன்னதுதான் ஆதாரம். கணிதத்தில் 2-ஐ இந்த இடத்தில் "சாட்சி" என்றே அழைக்கிறார்கள்.

சாட்சி எப்போதும் வாய் திறப்பதில்லை. 341 என்பது 11-ஐயும் 31-ஐயும் பெருக்கினால் வருவது, பகா எண் அல்ல. ஆனால் 2-ஐக் கேட்டால் அது மீதி 1 என்று சொல்லி 341-ஐக் காப்பாற்றிவிடும். அதே கேள்வியை 3-இடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். 561 இன்னும் தந்திரமானது. அதனோடு பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணைக் கேட்டாலும் மீதி 1 என்றே வரும். இந்த ஓட்டையை அடைப்பதற்காக கேரி மில்லர் 1976-லும் மைக்கேல் ராபின் 1980-லும் சோதனையைக் கூர்மையாக்கினார்கள். அவர்கள் முறையில், பகா எண் அல்லாத எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் அதைவிடச் சிறிய எண்களில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் அதற்கு எதிராகச் சாட்சி சொல்வார்கள். சும்மா ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நாலில் ஒன்று. நாற்பது பேரைத் தனித்தனியாகக் கேட்டால், அத்தனை பேரிடமும் அது தப்பிக்கும் வாய்ப்பு, 1-க்குப் பின் 24 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒரு பங்குகூட இல்லை.

இணையத்தில் ரகசியங்களைப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறையில் இப்படிப்பட்ட எண்கள்தான் சாவிகள். இன்று பரவலாக இருக்கும் ஒரு சாவிக்குள் 300-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்கள் ஒளிந்திருக்கின்றன. பெரும்பாலும் அவற்றை யாரும் முழுமையாக நிரூபிப்பதில்லை. மேற்சொன்ன மாதிரிச் சோதனையில் தேறினால் போதும். அவற்றுக்கு "அநேகமாகப் பகா எண்" என்று பெயர்.

இந்தச் சோதனை தவறு செய்யலாம். ஆனால் ஒரே பக்கத்தில்தான் செய்யும். பகா எண் அல்லாத ஒன்று எப்போதாவது உள்ளே நுழைந்துவிடலாம். உண்மையான பகா எண் ஒன்றுகூட, எத்தனை தடவை கேட்டாலும், யாரைக் கேட்டாலும், வாசலில் திருப்பி அனுப்பப்படாது. "ஆம்" என்ற பதில் வெறும் அநேகமாக. "இல்லை" என்ற பதில் மட்டும் உறுதி. அந்த உறுதிக்கு ஒரு சாட்சி கூடவே வரும். யார் வேண்டுமானாலும் அந்தச் சாட்சியை மறுபடி விசாரிக்கலாம்.

தாத்தாவின் விரலைச் சோதித்த கருவி இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டது. "இல்லை" என்று சுலபமாகச் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை.

*

"இல்லை" என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்பதற்குக் கணிதத்தில் ஒரு பழைய கதை உண்டு. மெர்சென் 1644-ல் தன் எண்களில் எவையெல்லாம் பகா எண்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்ததும் இருந்தது. 1876-ல் எடுவார் லூக்கா அது பகா எண் அல்ல என்று காட்டினார். ஆனால் எது அதை வகுக்கும் என்று அவருக்கும் தெரியாது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் அந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். இன்னொரு பக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று சொல்வார்கள். பேசவில்லை என்ற பகுதி கொஞ்சம் மெருகேற்றப்பட்டதாக இருக்கலாம். ஆனால் பேசவேண்டிய தேவை இல்லை என்பது உண்மை. பெருக்கத் தெரிந்த யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

என் மடிக்கணினிக்கு வரும் எண்களுக்கும் இந்த மரியாதை கிடைக்கிறது. அது 3-ஐ மட்டும் சாட்சியாகக் கூப்பிட்டுக் கேட்கிறது. அந்த ஒரு கேள்விக்கே கோடிக்கணக்கான பெருக்கல்கள், பல நாள் உழைப்பு. இதுவரை எனக்கு வந்த எல்லா விடையும் "இல்லை"தான். ஆனால் என் கணினி "இல்லை" என்றால் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். முன்பு இன்னொருவரின் கணினி அதே கணக்கை முதலிலிருந்து மறுபடி போடவேண்டும். 2020-க்குப் பிறகு ஒரு நிரூபணக் கோப்பைச் சேர்த்து அனுப்பினால், இன்னொரு கணினி மிகக் குறைந்த நேரத்தில் சரிபார்த்துவிடும். யாருக்கும் வேண்டாத ஓர் எண்ணை நிராகரிப்பதற்கு இத்தனை ஏற்பாடு.

*

சரி, "ஆம்" என்பதை எப்போது முழுமனதாகச் சொல்லலாம்? நிறைய உதாரணங்கள் சாதகமாக இருந்தால் போதாதா? இதில் அடிபட்டவர் நம்மூர்க்காரர்தான்.

1913 ஜனவரி 16 அன்று மதராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். கொடுக்கப்பட்ட ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்பதற்குத் தன்னிடம் ஒரு வழி இருப்பதாகவும், அதன் பிழை பொருட்படுத்தத் தேவையில்லாதது என்றும் அதில் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தின் பல சூத்திரங்கள் ஹார்டியை உலுக்கின. ஆனால் பகா எண்களைப் பற்றிய இந்த நம்பிக்கை தவறாகப் போனது. ரீமானின் ஸீட்டா சார்புக்குக் கலப்பெண்களில் இருக்கும் சுழிகளை ராமானுஜன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிறிய எண்களில் போட்டுப் பார்த்தால் அவர் சூத்திரம் அற்புதமாக வேலை செய்யும். அதுதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. பகா எண்களின் எண்ணிக்கைக்கு காஸ் காலத்திலிருந்தே ஒரு மதிப்பீடு உண்டு. பத்து லட்சத்துக்குள் உண்மையில் 78,498 பகா எண்கள். மதிப்பீடு சுமார் 130 கூடுதலாகச் சொல்லும். கணக்கிட்டுப் பார்த்த எல்லா இடத்திலும் மதிப்பீடு கூடுதலாகவே இருந்தது. எப்போதும் அப்படித்தான் என்று யாருக்கும் தோன்றும். 1914-ல் லிட்டில்வுட் அப்படி இல்லை, இந்த நிலை முடிவில்லாத தடவை தலைகீழாகும் என்று நிரூபித்தார். 317 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் அருகே அப்படி ஒன்று நடக்கிறது என்று இன்று தெரியும். மனிதர்கள் எண்ணிப் பார்த்த எல்லா உதாரணங்களும் ஒரே பக்கம் சாட்சி சொல்கின்றன. அத்தனையையும் சேர்த்தாலும் அந்த முடிவு தவறு.

ஆகவேதான் கணிதக்காரர்கள் "அநேகமாக" என்ற சொல்லைக் கைவிடத் தயங்குகிறார்கள். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், எந்த எண்ணையும் அநேகமாக என்ற சொல் இல்லாமல், நியாயமான நேரத்துக்குள் சோதிக்க வழி இருக்கிறது என்று நிரூபித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் அன்றாட வேலைக்கு அது மெதுவானது. ஆகவே உலகம் இன்னும் பெரும்பாலும் மில்லர்–ராபினோடுதான் ஓடுகிறது.

மெர்சென் எண்களுக்கு மட்டும் ஒரு தனிவழி உண்டு, லூக்கா–லேமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அதையே செய்யுங்கள். 31-க்குப் போட்டுப் பார்க்கலாம். 4, பிறகு 14, பிறகு 194, மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு கழித்தால் 62, மீதி 0. 31 என்பது 2-இன் ஐந்தாம் அடுக்கிலிருந்து வந்தது. அதற்கு மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் 0 வந்துவிட்டது. ஆகவே பகா எண், சந்தேகமில்லை.

2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு கணினி அந்த நாலு கோடி இலக்க எண்ணை "அநேகமாகப் பகா எண்" என்று சொன்னது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொரு கணினி லூக்கா–லேமர் முறையில் உறுதி செய்தது. அதோடும் விடவில்லை. வேறு வேறு மென்பொருள்களில், வேறு வேறு இயந்திரங்களில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு அக்டோபர் 21 அன்றுதான் அறிவித்தார்கள்.

*

எண்ணுக்குச் செய்வதை மனிதனுக்குச் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். எண் பொய் சொல்லாது. எண்ணுக்கு வாரிசுகள் இல்லை. செத்துப்போனவர் பெயரில் ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் இல்லையா? அது பொதுப்பணம்தானே? சோதனையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. எந்தச் சோதனையும் எங்கேயாவது தவறும். கேள்வி, அந்தத் தவறு யார் தலையில் விழவேண்டும் என்பது.

இறந்தவர் கணக்கில் ஒரு மாதம் பணம் போய்விட்டால் அடுத்த மாதம் கண்டுபிடித்துத் திரும்ப வாங்கலாம். உயிரோடிருப்பவருக்கு ஒரு மாதம் நின்றுபோனால், அந்த மாதத்து சர்க்கரை மாத்திரையை எந்த நிலுவைத்தொகையும் திருப்பித் தராது. இரண்டும் தவறுதான், ஒரே எடை அல்ல. ஒரு சோதனையை வடிவமைப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்த எடையைத் தீர்மானித்துவிடுகிறார்கள். மில்லர்–ராபினில் அதைத் தேற்றமே தீர்மானிக்கிறது. யாருடைய கருணையும் தேவையில்லை. உயிரோடிருக்கும் விரல் கட்டாயம் பொருந்தும் என்று ஒரு தேற்றம் கிடையாது, யாராலும் எழுதவும் முடியாது. அந்த இடத்தை மனிதர்கள்தான் நிரப்பவேண்டும்.

இன்னொன்றையும் அந்தச் சோதனையிலிருந்து கற்றுக்கொள்ளலாம். நாற்பது சாட்சிகளைக் கேட்கிறோம் என்றால், நாற்பது வெவ்வேறு சாட்சிகள். ஒரே சாட்சியை நாற்பது தடவை கேட்டால் நாற்பது தடவையும் அதே பதில்தான் வரும், புதிதாக எதுவும் தெரியாது. கடையில் நாங்கள் செய்தது அதைத்தான். தேய்ந்த விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தோம். பத்தாவது தடவை தோற்றபோது, பத்து சோதனையில் தோற்றதுபோல தாத்தா குன்றிப்போனார். உண்மையில் அவர் தோற்றது ஒரே ஒரு சோதனையில்.

*

வேறொரு சம்பவம். 2015 செப்டம்பர் 17 அன்று மிசூரி மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர் கர்ட்டிஸ் கூப்பரின் பொறுப்பில் ஓடிக்கொண்டிருந்த கணினி ஒன்று, 2-இன் 7,42,07,281-ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தது பகா எண் என்று கண்டுபிடித்து கிம்ப்ஸுக்குத் தெரிவித்தது. யாருக்கும் தகவல் போகவில்லை. விடை தரவுக்குவியலில் அப்படியே கிடந்தது. அந்த டிசம்பரில்தான் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அதெல்லாம் வடிந்து, புது வருஷம் பிறந்து, வழக்கமான பராமரிப்பு வேலையின்போதுதான் யாரோ அதைப் பார்த்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட நாளாக அவர்கள் பதிவு செய்திருப்பது 2016 ஜனவரி 7. கணினி சொன்ன நாள் அல்ல, மனிதர் கவனித்த நாள்.

எண்ணுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. யாரும் பார்க்காத நான்கு மாதமும் அது பகா எண்ணாகவே இருந்தது. தாத்தாவால் அப்படி இருக்க முடியாது. கவனிக்கப்படாத நான்கு மாதம் அவருக்கு நான்கு மாதம்தான்.

மறுநாள் அவரை வங்கிக்கே கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம். ஒரு மணிநேரம் உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்தபோது, கவுன்ட்டரில் இருந்த அம்மா தாளை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். போன வருஷம் கண் ஆபரேஷன்னு சொன்னீங்களே, ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா. இப்ப பேப்பர் படிக்க முடியுது."

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

தாத்தா போட்டார். அந்த அம்மா அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டு முத்திரை குத்தினார். அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இதை நான் பெரிய தீர்வாகச் சொல்லவில்லை. அந்த அம்மா விடுப்பில் இருந்திருக்கலாம். புதிதாக வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் தாத்தாவைத் தெரிந்திருக்காது. தெரிந்தவர் கையெழுத்தில் தவறே நடக்காது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவர் வேறொரு கேள்வியைக் கேட்டார், பதிலுக்குத் தன் பெயரைக் கீழே எழுதினார். நாளை தப்பென்றால் அவரைக் கேட்கலாம்.

வெளியே வந்து காப்பி குடித்தோம். தாத்தா பழைய உற்சாகத்துக்குத் திரும்பியிருந்தார்.

"டேய், உன் கம்ப்யூட்டர் ராத்திரி பூரா ஓடுதே. என்ன சொல்லுது?"

"இல்லன்னு சொல்லுது தாத்தா. பகா எண் இல்லயாம்."

"எத வெச்சு சொல்லுது?"

"ஒரு கோப்பு அனுப்பும். சந்தேகம்னா யார் வேணாலும் சரிபார்த்துக்கலாம்."

தாத்தா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப சரி" என்றார்.